வட்டத்துக்குள் ஒரு வேலி: பை சார்ட் கணக்கைப் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லித்தர

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களில் அம்மாவோ அப்பாவோ ஒருநாள் பிள்ளையின் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். "அல்ஜீப்ரா எல்லாம் போட்டுடறான். இந்த வட்டப் படத்தைப் பார்த்தாத்தான் முழிக்கிறான்" என்பார்கள். ஏழாம் கிரேடிலிருந்து ஒன்பதாம் கிரேடு வரை டேட்டா ஹேண்ட்லிங் (தரவுகளைக் கையாளுதல்) என்ற பகுதியில் இந்தப் பை சார்ட், அதாவது வட்டப்படம், வரும். பத்தாம் கிரேடில் கணிதத்துக்குப் பதிலாக மேத்ஸ் லிட் (அன்றாட வாழ்க்கைக் கணக்குப் பாடம்) எடுக்கும் பிள்ளையை மெட்ரிக் எனப்படும் பன்னிரண்டாம் கிரேடு இறுதித் தேர்வு வரைக்கும் விடாது. அந்தப் பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் தமிழில் கணக்குப் படித்தவர்கள், பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கிறது. உங்களுக்குத் தெரிந்த கணக்கு இங்கேயும் அப்படியே செல்லுபடியாகும்.

சனிக்கிழமை காலையில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் சமையலறை மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் 1860-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்களின் ஐந்தாம் தலைமுறை. சிலர் போன வருஷம் திருச்சியிலிருந்து வந்தவர்கள். தடுக்கி விழும் இடம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அந்த இடத்தை முதலில் காட்டிவிடுகிறேன். பயிற்சிக்காக நான் கட்டிய கணக்கு இது. ஒரு பள்ளியில் 720 மாணவர்கள். அவர்கள் பள்ளிக்கு எப்படி வருகிறார்கள் என்று ஒரு வட்டப்படம். நடந்து வருவோர் 35%, மினிபஸ் டாக்சியில் 25%, காரில் 20%, பேருந்தில் 15%, சைக்கிளில் 5%. கேள்வி: நடந்து வருகிறவர்கள் எத்தனை பேர்?

ஒரு பையன் யோசிக்காமல் '35 பேர்' என்று எழுதினான். கெட்டிக்காரப் பையன்தான். படத்தில் 35 என்று எழுதியிருக்கிறது, அதை எடுத்து எழுதிவிட்டான். "பள்ளியில் மொத்தம் நூறு பேர்தானா?" என்று கேட்டேன். பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தான். பிறகு ரப்பரை எடுத்தான். நான் வேறு எதுவும் சொல்லவில்லை.

அதனால் முதல் வேலை, எந்தக் கணக்கையும் தொடும் முன் 'எதில் நூறு?' என்று கேட்கப் பழக்குங்கள். விழுக்காடு என்றாலும் சதவீதம் என்றாலும் நூற்றுக்கு இத்தனை என்பதுதான் பொருள். அந்த நூறு எதைக் குறிக்கிறது என்று தெரியாத வரைக்கும் 35 என்ற எண்ணுக்கு உயிரில்லை. முழு வட்டம் யார்? பள்ளி முழுவதுமா, ஏழாம் கிரேடு மட்டுமா, பெண் பிள்ளைகள் மட்டுமா? படத்தின் தலைப்பில் இருக்கும், அல்லது கேள்வியின் முதல் வரியில் இருக்கும். அதைத் தேடி நோட்டின் மேல் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்: 'முழு வட்டம் = 720 மாணவர்கள்'. இந்த ஒரு வரி இல்லாத நோட்டை நான் திருத்துவதில்லை. பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

இரண்டாவது, எண்களை இந்த ஊர் எழுதும் விதம். தென்னாப்பிரிக்கப் பாடநூல்களில் தசமப் புள்ளி இருக்கும் இடத்தில் காற்புள்ளி போடுவார்கள். 12,5% என்று அச்சிட்டிருந்தால் அது பன்னிரண்டரை. ஆயிரத்தைப் பிரிக்கச் சின்ன இடைவெளி விடுவார்கள். 1 250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. மதுரையிலிருந்து வந்த ஒரு அம்மா 12,5-ஐ நூற்று இருபத்தைந்து என்று படித்துவிட்டு, வட்டத்தில் நூறுக்கு மேல் எப்படி வரும் என்று ஒரு மாலை முழுக்கக் குழம்பியிருக்கிறார். நம் ஊர்ப் பழக்கத்தில் காற்புள்ளி வேறு வேலை செய்கிறது, குழப்பம் வரத்தான் செய்யும். இந்தக் கட்டுரையில் நமக்குப் பழகிய புள்ளியையே வைக்கிறேன். பிள்ளை விடைத்தாளில் பள்ளி வழக்கப்படியே எழுதட்டும்.

இனி கணக்கு. எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் என் தாத்தா. தஞ்சாவூர்ப் பக்கம், காவிரிப் பாசனத்தில் விவசாயம். அவருக்குப் பை சார்ட் தெரியாது. ஆனால் ஒரு வேலி நிலம் என்றால் இருபது மா என்று தெரியும். டெல்டாவில் இன்றைக்கும் 'எனக்கு மூணு மா நிலம்' என்று சொல்கிற ஆட்கள் உண்டு. பழைய தமிழ்க் கணக்கில் மா என்றால் இருபதில் ஒன்று. இருபதில் ஒன்று என்றால் நூற்றுக்கு ஐந்து.

வட்டத்தை ஒரு வேலி நிலமாக நினைத்துக்கொள்ளுங்கள். அதை இருபது மாவாகப் பிரியுங்கள். ஒவ்வொரு மாவும் 5%. வட்டத்தைச் சுற்றி 360 பாகை, அதை இருபதால் வகுத்தால் ஒரு மாவுக்கு 18 பாகை. இந்த இரண்டு எண்ணையும் மனசில் போட்டுக்கொண்டால் போதும், பள்ளியில் வரும் வட்டப்படக் கணக்கில் பெரும்பகுதியைக் கால்குலேட்டர் இல்லாமலே போட்டுவிடலாம்.

மற்றதெல்லாம் உங்கள் நாக்கில் ஏற்கெனவே இருக்கிற சொற்கள்தான். கால் என்றால் ஐந்து மா, 25%, 90 பாகை. அரை என்றால் பத்து மா, 50%, 180 பாகை. முக்கால் 75%, 270 பாகை. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, இரண்டரை மா, 12.5%, 45 பாகை. இங்கே பிறந்த பிள்ளைக்கு அரைக்கால் என்ற சொல் புதுசாக இருக்கலாம். ஆனால் டர்பனில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் பன்னி சவ் தெரியும். கால் ரொட்டியைக் குடைந்து ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றித் தருவதுதானே 'குவார்ட்டர் மட்டன்'? அந்தக் கால் ரொட்டியை இன்னும் ஒரு முறை பாதியாக வெட்டு, அதுதான் அரைக்கால் என்று ஒருநாள் உண்மையான ரொட்டியையே மேசையில் வைத்து வெட்டிக் காட்டினேன். எட்டுத் துண்டையும் திரும்பச் சேர்த்து வைத்து, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தின்றார்கள்.

இப்போது அந்த 720-க்கு வருவோம். மொத்தத்தில் ஒரு மா எவ்வளவு? இருபதால் வகுக்கத் தயங்கும் பிள்ளைக்குச் சுலபமான வழி: பத்தில் ஒன்றை எடு, அதைப் பாதியாக்கு. 720-இல் பத்தில் ஒன்று 72, பாதி 36. ஆக ஒரு மா 36 பேர். நடந்து வருவோர் 35%, அதாவது ஏழு மா: 7 × 36 = 252 பேர். டாக்சி ஐந்து மா, 180. கார் நாலு மா, 144. பேருந்து மூன்று மா, 108. சைக்கிள் ஒரு மா, 36. ஐந்தையும் கூட்டச் சொல்லுங்கள். 720 வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் எங்கேயோ கைதவறியிருக்கிறது. இந்தக் கூட்டலைச் சோம்பலில் விடுகிற பிள்ளைகள்தான் கைக்கு வந்த மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

மாவில் அடங்காத எண் வந்தால்? 37% என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாவை ஐந்தால் வகுத்தால் 1% கிடைக்கும்: 36-ஐ ஐந்தால் வகுக்க 7.2. ஏழு மாவுக்கு 252, மிச்சம் 2%-க்கு 14.4, மொத்தம் 266.4. ஆளில் புள்ளி நாலு கிடையாது. படம் போட்டவர் 266 பேரை 720-ஆல் வகுத்து, 36.94 என்று வந்ததை 37 என்று முழுமையாக்கியிருக்கலாம், அவ்வளவுதான். விடை 266 என்று எழுதலாம். செய்த வழியையும் காட்டியிருக்க வேண்டும். இங்குள்ள பள்ளிகளில் வழிக்கென்று தனி மதிப்பெண் தருவார்கள்.

சில படங்களில் விழுக்காடே இருக்காது, கோணம் மட்டும் குறித்திருக்கும். பங்கின் கோணம் 54 பாகை என்றால் 18-ஆல் வகுங்கள்: மூன்று மா, 15%. 81 பாகை என்றால் நாலரை மா, 22.5%; 720 பேரில் 162 பேர். படம் வரையச் சொன்னால் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். நம் கணக்குக்கு நடந்து வருவோர் 126 பாகை, டாக்சி 90, கார் 72, பேருந்து 54, சைக்கிள் 18, கூட்டினால் 360. பாகைமானியை வைக்கும்போது ஒவ்வொரு பங்கையும் முந்தைய பங்கின் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். எல்லாவற்றையும் முதல் கோட்டிலிருந்தே அளந்து, பங்குகளை ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து முதல் இரண்டு பங்கை மட்டும் பாருங்கள், பிறகு தானே வந்துவிடும்.

ஒரு பங்கு விடுபட்டிருந்தால் தெரிந்தவற்றைக் கூட்டி 100-இலிருந்து கழிக்க வேண்டியதுதான். இதைச் சொல்லித்தர இரண்டு நிமிஷம் போதும்.

தலைகீழ்க் கணக்குக்குத்தான் நிதானம் வேண்டும். 'பேருந்தில் வருவோர் 63 பேர். இது மொத்த மாணவர்களில் 15%. மொத்தம் எத்தனை பேர்?' பிள்ளை உடனே 63-இல் 15% எடுத்து 9.45 என்று எழுதும். திட்டாதீர்கள். "பேருந்தில் மட்டுமே 63 பேர் ஏறியிருக்கிறார்கள், பள்ளி முழுவதற்கும் ஒன்பதே பேரா?" என்று கேளுங்கள். அதுவே சிரித்துக்கொண்டு அடித்துவிடும். பிறகு மாவுக்கு வாருங்கள். 15% என்றால் மூன்று மா. மூன்று மா 63 என்றால் ஒரு மா 21. இருபது மா 420. பங்கு தெரிந்து முழு வட்டத்தைத் தேடும்போது விடை பங்கைவிடப் பெரிதாகத்தான் இருக்கும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால், இந்தக் கணக்கில் தவறு செய்ய வழியில்லை.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் முக்கியமானது. பெரியவர்களும் இதில் தவறுகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கேள்வி: 'நடந்து வருவோர், டாக்சியில் வருவோரைவிட எத்தனை விழுக்காடு அதிகம்?' படத்தில் 35, 25. கழித்தால் 10. பத்து விழுக்காடு என்று எழுதினால் தவறு. ஏன்? மறுபடியும் அதே கேள்விதான்: எதில் நூறு? 'டாக்சியில் வருவோரைவிட' என்று சொன்ன அந்த நொடியே நூறு இடம் மாறிவிட்டது. பள்ளி முழுவதும் நூறாக இருந்தது போய், டாக்சியில் வருகிற 180 பேர் நூறாகிவிட்டார்கள். நடந்து வருவோர் 252, அதிகம் 72. 180-இல் 72 எத்தனை பங்கு? 180-இல் ஒரு மா 9, 72 என்றால் எட்டு மா, 40%. விடை 40% அதிகம்.

திருப்பிக் கேளுங்கள். 'டாக்சியில் வருவோர், நடந்து வருவோரைவிட எத்தனை விழுக்காடு குறைவு?' அதே 72 பேர்தான். இப்போது நூறு 252. 72-ஐ 252-ஆல் வகுத்தால் ஏழில் இரண்டு, சுமார் 28.6%. நாற்பது அதிகம் என்றால் திருப்பிப் பார்க்கும்போதும் நாற்பது குறைவாகத்தானே இருக்க வேண்டும் என்று பிள்ளை அடம்பிடிக்கும். இங்கே அவசரப்படாதீர்கள். பத்து ராண்டுக்கும் இருபது ராண்டுக்கும் இதையே செய்து காட்டுங்கள். பத்திலிருந்து இருபதுக்கு ஏறினால் 100% ஏற்றம். இருபதிலிருந்து பத்துக்கு இறங்கினால் 50% இறக்கம். பணத்தை மேசையில் வைத்துக் காட்டினால் ஒரே தடவையில் புரிந்துவிடும்.

அப்படியானால் 35-க்கும் 25-க்கும் இடையில் இருக்கிற அந்தப் பத்து என்ன? அது விழுக்காட்டுப் புள்ளி. 'பத்து விழுக்காட்டுப் புள்ளி அதிகம்' என்றால் சரி. புள்ளி என்ற சொல் போனால் பொருளே மாறிவிடும். இந்த நாட்டில் எல்லோரும் அனுபவித்த ஓர் உதாரணம்: 2018 ஏப்ரல் 1 முதல் வாட் வரி 14%-இலிருந்து 15% ஆனது. ஒரு விழுக்காட்டுப் புள்ளிதான் ஏறியது. ஆனால் வரியாக நீங்கள் கொடுக்கும் பணம் பதினாலில் ஒரு பங்கு, அதாவது சுமார் 7.1% கூடிவிட்டது.

பங்குக்குள் பங்கும் இதே வகைதான். 'நடந்து வருவோரில் 25% ஏழாம் கிரேடு மாணவர்கள்' என்றால் அந்த 25%-க்கு நூறு 252. 252-இல் கால் 63 பேர். அந்த 63 பேர் பள்ளி முழுவதிலும் எத்தனை விழுக்காடு என்று அடுத்த வரியில் கேட்பார்கள். 63-ஐ 720-ஆல் வகுக்க 8.75%. முப்பத்தைந்தையும் இருபத்தைந்தையும் கூட்டி 60 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. விழுக்காட்டுக்கு முன்னால் 'இல்' என்ற உருபு வரும்போதெல்லாம் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். 'நடந்து வருவோரில்', 'மாணவர்களில்': அந்த 'இல்'லுக்கு முன்னால் நிற்பதுதான் நூறு. ஆங்கிலக் கேள்வித்தாளில் 'ஆஃப்' என்ற சொல்லுக்குப் பின்னால் அது நிற்கும். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இந்த 'இல்' ஒரு பெரிய கைவிளக்கு.

இரண்டு வட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கும் கேள்வியும் வரும். முதல் பள்ளி நம் 720 பேர், 35% நடக்கிறார்கள். இரண்டாவது பள்ளியில் 300 பேர், 60% நடக்கிறார்கள். எங்கே நடப்பவர்கள் அதிகம்? இரண்டாவது பள்ளியில் 180 பேர்தான், முதல் பள்ளியில் 252. இரண்டு பள்ளியையும் சேர்த்தால் எத்தனை விழுக்காடு என்று கேட்டால், 35-ஐயும் 60-ஐயும் கூட்டிப் பாதியாக்கி 47.5 என்று எழுதக் கை துறுதுறுக்கும். அது தவறு. ஆட்களைக் கூட்டுங்கள்: 252-உம் 180-உம் 432. மொத்தம் 1020. 432-ஐ 1020-ஆல் வகுக்க சுமார் 42.4%. வட்டங்கள் ஒரே அளவில் வரையப்பட்டிருப்பதால் கண் ஏமாறுகிறது.

பாடநூலோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் மெட்ரிக் தேர்வு முடிவு வரும்போது செய்தித்தாளை மேசையில் விரியுங்கள். 2023-க்கான தேர்ச்சி 82.9%, 2024-க்கு 87.3%. எவ்வளவு உயர்ந்தது? 4.4 விழுக்காட்டுப் புள்ளி. விழுக்காட்டில் சொன்னால் 4.4-ஐ 82.9-ஆல் வகுக்க சுமார் 5.3%. 2024-இல் தேர்ச்சி பெற்றோர் சுமார் 6 லட்சத்து 15 ஆயிரம் பேர். எழுதியவர்கள் எத்தனை பேர்? தலைகீழ்க் கணக்கு: 6,15,000-ஐ 87.3-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 7 லட்சத்து 4 ஆயிரத்துச் சொச்சம்.

அதே ஆண்டு பட்டப்படிப்பில் சேரத் தகுதியான தேர்ச்சி 47.8%. பாதிக்கும் குறைவா, பாதிக்கும் மேலா? எழுதியவர்களில் என்றால் பாதிக்குக் குறைவு. தேர்ச்சி பெற்றவர்களில் என்றால் 47.8-ஐ 87.3-ஆல் வகுக்க சுமார் 54.8%, பாதிக்கு மேல். இரண்டும் உண்மையான எண்கள், நூறு மட்டும் வேறு. இன்னொன்றையும் பிள்ளையிடம் கேளுங்கள். பன்னிரண்டாம் கிரேடு வரை வராமல் நடுவிலேயே பள்ளியை விட்டுப் போனவர்கள் இந்த வட்டத்தில் எங்கே இருக்கிறார்கள்? எங்கேயும் இல்லை. தேர்வு எழுதியவர்கள் மட்டும்தான் இந்த வட்டம். இதைக் கேட்டதும் என் மேசையில் இருந்த ஒரு பெண் பிள்ளை, தன்னோடு ஒன்பதாம் கிரேடு வரை படித்து நின்றுபோன மூன்று பேர் பெயரைச் சொன்னாள். அன்றைக்கு நாங்கள் வேறு கணக்குப் போடவில்லை.

கடைசியாக ஒரு படம் வரையச் சொல்லுங்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் சுமார் 6 கோடியே 20 லட்சம் பேர். கறுப்பின ஆப்பிரிக்கர் 81.4%, கலப்பினத்தவர் 8.2%, வெள்ளையர் 7.3%, இந்தியர் மற்றும் ஆசியர் 2.7%. நான்கையும் கூட்டினால் 99.6, மிச்சம் 0.4% பிற வகையினர். இங்கே மாவுக்குக் கீழே இறங்க வேண்டியிருக்கிறது, ஆகவே 3.6-ஆல் நேரடியாகப் பெருக்குங்கள்: சுமார் 293, 29.5, 26.3, 9.7 பாகை, பிற வகையினருக்கு 1.4. நம் பங்கை மனக்கணக்கில் சரிபார்க்கலாம். அரை மா என்றால் 2.5%, 9 பாகை. அதற்குக் கொஞ்சம் மேல். ஆட்கணக்கில் 6 கோடியே 20 லட்சத்தில் 2.7%, கிட்டத்தட்ட 16 லட்சத்து 74 ஆயிரம்.

பென்சிலை நன்றாகச் சீவிக்கொள்ளச் சொல்லுங்கள், ஒன்பதே முக்கால் பாகை மெல்லிய கீற்றுதான். அதற்குள் பெயர் எழுத இடம் போதாது. பங்கின் நடுவிலிருந்து வட்டத்துக்கு வெளியே ஒரு சின்னக் கோடு இழுத்து, அதன் நுனியில் பெயரையும் விழுக்காட்டையும் எழுதட்டும்.